நடக்க முடிந்தவர்கள்

சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாத மனிதரைத் தெருவே சக்கரக்காரர் என்று கூப்பிட்டது. விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுவது அவர் வேலை. விமானத்தின் வாசலில் ஆளை ஏற்றி, நீளமான கண்ணாடி நடையில் தள்ளி, வரிசைகளைத் தாண்டி, பெட்டியை எடுத்துக் கொடுத்து, வெளியே வாடகைக் காரில் உட்கார வைத்துவிட்டால் ஒரு சவாரி முடிந்தது. எத்தனை சவாரி என்று அவர் எண்ணுவதில்லை. வீட்டுப் படி ஏறும்போது முழங்கால் சொல்லிவிடும்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. நாற்காலி கேட்டவரிடம் உங்களுக்கு உடம்புக்கு என்ன என்று கேட்கக் கூடாது. கேட்டுத்தான் என்ன ஆகப்போகிறது? விமானத்துக்குள் கழிப்பறைக்கு முந்திக்கொண்டு ஓடியவர் வாசலில் நாற்காலியைக் கண்டதும் முட்டியைப் பிடித்துக்கொள்வார். வரிசையில் நிற்க வேண்டாம் அல்லவா! வெளியே வந்து சொந்தக்காரர்களைக் கண்டதும் துள்ளி எழுந்து நடப்பார். தள்ளுகிறவர்கள் இப்படிப்பட்டவர்களுக்கு ‘அற்புதம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். “இன்னிக்கு எனக்கு ரெண்டு அற்புதம்” என்று டீ குடிக்கும்போது ஒருவர் சொல்வார், மற்றவர்கள் சிரிப்பார்கள். சக்கரக்காரர் மட்டும், “விடுங்கய்யா, வலி வெளியில தெரியுதா என்ன?” என்பார். அவர் சுபாவம் அப்படி. கெட்ட பெயர் என்று ஒன்றை அவர் வாங்கினதே இல்லை.

நோய் வந்து போய், மறுபடி வந்து போய், ஜனங்கள் முகக்கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்த நேரம். கடல் கடந்த நாடுகளில் புது வகை ஒன்று கிளம்பியிருக்கிறது, பழைய ஊசிக்கு அடங்காதாம், விமானத்தில்தான் வருகிறதாம் என்று பேச்சு எழுந்தது. டிவியில் எந்நேரமும் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவைக் காட்டினார்கள். ஒருநாள் சக்கரக்காரரின் முதுகும் அதில் வந்தது. பார்த்தவர்கள் மறுநாள் படிக்கட்டில் அவருக்கு வணக்கம் சொன்னார்கள், சொல்லிவிட்டுச் சுவரோடு சுவராக ஒதுங்கினார்கள். “புகழ் வந்தா இப்படித்தான்” என்று அவர் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார்.

விமான நிலையத்தில் புதுச் சட்டம் வந்தது. இறங்குகிற ஒவ்வொருவருக்கும் மூக்கில் பஞ்சுக் குச்சி. முடிவு வரும்வரை கூடத்தில் காத்திருக்க வேண்டும். நோய் இருந்தால் தனி விடுதி. இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம், ஆனால் வீட்டுக் கதவில் சிவப்புத் தாள் ஒட்டுவார்கள், குறிப்பிட்ட நாள்வரை வெளியே வரக் கூடாது. நாற்காலியில் வருகிறவர்களுக்கு ஓரத்தில் தனி மேசை இருந்தது; குச்சி, முடிவு, தாள் ஒட்ட முகவரி எல்லாம் அங்கேயே முடிந்துவிடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் மனைவியின் தம்பி வருவதாகச் செய்தி வந்தது. எங்கோ கப்பல் கட்டும் இடத்தில் அவனுக்கு வேலை. அவன் மனைவி ஊரின் மறுகோடியில் தாய் வீட்டில் நிறைமாதமாக இருந்தாள்.

சக்கரக்காரரின் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஆரம்பித்தாள்.

“அவன் வர்ற விமானத்துக்கு நீங்க ட்யூட்டி போட்டுக்குங்க.”

“போட்டு?”

“போட்டு என்ன, நாற்காலியில உக்கார வச்சுக் கூட்டிட்டு வாங்க. அந்தக் குச்சி கிச்சி எல்லாம் வேணாம்.”

“அவன் கால்ல என்ன கேடு?”

“ஊர்ல உள்ளவங்க யாரையும் கேக்க மாட்டீங்க. என் தம்பியை மட்டும் கேப்பீங்களா?”

அவர் வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினார். “அவனுக்கு இருமல்னு நேத்து போன்ல நீதானே சொன்ன?” என்றார்.

“அதனாலதாங்க கேக்கறேன்! சாதா இருமலுக்கே புடிச்சு அடைச்சிருவாங்க. அவன் பொண்டாட்டிக்கு மொத மூணு மாசத்துலயே ஒண்ணு கலைஞ்சு போய், இப்பதான் இது தங்கியிருக்கு. பொறக்கிறப்போ பக்கத்துல இருக்கணும்னு சம்பளத்தக்கூட வேணாம்னுட்டு ஓடி வர்றான். என் இடுப்புல வளந்த புள்ளைங்க.”

“சட்டம்னு ஒண்ணு இருக்குடி.”

“இருக்கட்டும். எனக்குத் தம்பின்னும் ஒருத்தன் இருக்கான்.”

அப்புறம் அவள் பேசவில்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. அந்த மௌனத்துக்கு சக்கரக்காரர் எப்போதும் பயந்தவர். மறுநாள் காலை சட்டை போட்டுக்கொண்டே, “விமானம் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். அவள் அவசரமாக டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மச்சினன் விமானத்திலிருந்து நன்றாக நடந்துதான் வந்தான். மாமாவைக் கண்டதும் பல் தெரியச் சிரித்து, நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, போர்வையை மடியில் போட்டுக்கொண்டான். “எந்தக் கால் மாமா? வலதா, இடதா?” என்று கேட்டான்.

“வாய மூடிக்கிட்டு வா மாப்ள.”

பரிசோதனைக் கூடத்தில் வரிசை சுவர் வரைக்கும் போய் வளைந்து திரும்பியிருந்தது. பாவப்பட்ட ஜனங்கள், கைக்குழந்தையும் பையுமாக நின்றார்கள். சக்கரக்காரர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற நர்சுப் பெண் அவருக்குப் பழக்கமானவள். அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது ஓடிப்போய் மருந்து வாங்கிக் கொடுத்தவர் இவர்.

“ஓர மேசையில எடுத்தாச்சா அண்ணே?”

“எடுத்தாச்சும்மா.”

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. அவள் கயிற்றைத் தூக்கிவிட்டாள். “பாத்துத் தள்ளுங்க, ஐயா ரொம்பக் களைப்பா இருக்காரு” என்றும் சொன்னாள். அத்தனை வருஷமாக அவர் சேர்த்து வைத்த நல்ல பெயர் அந்தக் கயிற்றுக்கடியில் ஒரு நிமிஷத்தில் செலவாகிவிட்டது. நாற்காலி அன்றைக்குக் கனத்தது என்று பின்னால் அவர் மனைவியிடம் சொன்னார். அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. இருமல் அடங்கியதும் மனைவியிடம் போகட்டும் என்று தம்பியைத் தங்க வைத்துவிட்டு, அவன் பெட்டியில் விமானத்தில் கட்டிவிட்ட அடையாளச் சீட்டைக் கிழித்தெடுத்துப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றுவதில் மும்முரமாக இருந்தாள்.

அவர்கள் இருந்தது பழைய அடுக்குமாடி. கீழே தெருவைப் பார்த்து இரண்டு கடைகள். ஒன்று இஸ்திரிக் கடை, ஒன்று ரொட்டிக் கடை. இஸ்திரிக்காரம்மா ஒண்டிக்கட்டை. வீடு வீடாக ஏறி அழுக்குப் படாமல் துணி வாங்கிப் போவதும், தேய்த்து மடித்துச் சூடு ஆறுமுன் கொண்டுவந்து கொடுப்பதும் அவள் தொழில். எந்த வீட்டில் எவர் சட்டையில் பொத்தான் போயிருக்கிறது என்பது வரை அவளுக்குத் தெரியும். சக்கரக்காரர் வீட்டில் மட்டும் உள்ளே வந்து மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் இறங்குவாள். மச்சினன் வந்து இறங்கிய அன்றும் வந்தாள்.

“யாரு, உன் தம்பியா? எப்ப வந்தான்?”

“வந்து ஒரு மாசம் ஆச்சுக்கா. மாமியார் வீட்டுல இருந்தான்” என்றாள் மனைவி, முகம் மாறாமல்.

“என்னடா, எளைச்சுப் போயிட்ட? மாமியாக்காரி சோறு போடலையா?” என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவன் சிரித்தான், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவள் எழுந்து அவன் முதுகைத் தடவிவிட்டாள், நெஞ்சுக்குத் தேய்க்கத் தைலம் சொன்னாள், தன் டம்ளரிலிருந்த சூடான டீயில் பாதியை அவனுக்கு ஊற்றினாள். கடைக்குப் போய்த் திரும்பிய சக்கரக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றியபடி இதைப் பார்த்தார். அக்கா, எழுந்து போங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாளே! அவர் குளியலறைக்குள் போய்விட்டார்.

இரவுக்குள் மச்சினனுக்குக் காய்ச்சல் கண்டது. பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். எதற்காக இத்தனையும் செய்தார்களோ அது நடக்கவே இல்லை. குழந்தை பிறந்தபோது அவன் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். போனில்தான் காட்டினார்கள். பெண் குழந்தை. சிவந்த முகத்தைப் பார்த்து அக்காவும் தம்பியும் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அழுதார்கள். சக்கரக்காரருக்கும் மனைவிக்கும் இருமலும் காய்ச்சலும் ஒட்டிக்கொண்டன. அவர் இடுப்புப் பிடிப்பு என்று சொல்லி விடுப்பு எடுத்தார். கொஞ்ச நாளில் மூவரும் தேறிவிட்டார்கள்.

இஸ்திரிக்காரம்மா தேறவில்லை. ஒருநாள் காலை கடை திறக்கவில்லை. கதவைத் தட்டினால் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வண்டி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. தேய்த்த துணிகள் வீட்டுக்கு ஒரு மூட்டையாக மேசைமேல் அப்படியே இருந்தன. அவளுக்கு வந்திருப்பது அந்தப் புது வகைதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்று மாலை டிவியில் அவர்கள் தெருவைக் காட்டினார்கள்.

படிக்கட்டில் கூட்டம் கூடியது.

“அந்தம்மா தெருவத் தாண்டினதே கிடையாதே, அதுக்கு எப்படி வந்துச்சு?”

“யாராவது வெளிநாட்டுல இருந்து வந்திருக்கணும்ல?”

சக்கரக்காரரின் மனைவிக்கு எல்லோரும் தன்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை. பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

“ரொட்டிக்கடைக்காரர் பொண்ணு வந்திருக்கே” என்றாள்.

ரொட்டிக்கடைக்காரரின் மகள் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தவள். மேல்மாடியில் அவர்கள் வீட்டுக் கதவில் சிவப்புத் தாள் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருந்தது. பரிசோதனையில் அவளுக்கு ஒன்றுமில்லை என்றுதான் அனுப்பினார்கள். அவளும் வாசற்படியைத் தாண்டவில்லை. ஆனால் கதவில் தாள் இருக்கிறதே! தாள் இல்லாத கதவை யார் சந்தேகப்படுவார்கள்?

“ஆமா, அவளேதான். அவங்கப்பன் மாவு பிசையறானே, அந்தக் கையாலதான் நாம ரொட்டி தின்னோம்!”

“காசு குடுத்து ஒண்ணுமில்லைன்னு எழுதி வாங்கிட்டு வந்திருப்பா.”

சுகாதாரத் துறை ஆட்கள் வந்து, அந்தப் பெண்ணுக்கு நோய் இல்லை, வேறு யாரோ வந்திருக்கிறார்கள், தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு கதவாகக் கேட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. சக்கரக்காரர் கதவைப் பாதி திறந்து, “இங்க யாரும் இல்லீங்க” என்றார். மச்சினன் அப்போது பின்னறையில்தான் இருந்தான்; தேறிய பிறகும், யார் கண்ணிலாவது பட்டுவிடுவோமோ என்று குழந்தையைப் பார்க்கக்கூடப் போகவில்லை.

ரொட்டிக் கடைக்கு ஆள் வருவது நின்றது. விடியற்காலையில் மாடி முழுக்க ஏறி எல்லோரையும் எழுப்புகிற வாசனைக்கு இப்போது ஜன்னல்களைச் சாத்தினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ரொட்டிகள் மாலை வரை அடுக்குக் கலையாமல் இருந்தன. ரொட்டிக்கடைக்காரர் அவற்றைச் சாக்கில் கட்டி வெளியே வைப்பார். குப்பை எடுக்கிறவர்கூடக் குச்சியால்தான் தொட்டார்.

சக்கரக்காரர் மட்டும் போனார். முதல்நாள் ஒரு ரொட்டி. அடுத்த நாள் மூன்று. அப்புறம் கை கொள்ளும் மட்டும். வீட்டில் மேசைமேல் ரொட்டி, அலமாரியில் ரொட்டி, குளிர்பெட்டியில் ரொட்டி.

“யாருங்க திங்கிறது இவ்வளவையும்?” என்றாள் மனைவி.

“நீ தின்னு. உன் தம்பியத் திங்கச் சொல்லு.”

“பூஞ்சை பிடிக்குது.”

“பிடிக்கட்டும். படியில நின்னு அந்தப் பொண்ணு பேரச் சொன்னியே, அப்ப நாக்குல என்ன புடிச்சிருந்துச்சு?”

அவள் முகம் வெளுத்தது. “நான் வந்திருக்குன்னு மட்டுந்தாங்க சொன்னேன். அவதான் கொண்டு வந்தான்னு சொல்லல.”

“நானும் எடுத்தாச்சுன்னு மட்டுந்தான் சொன்னேன்.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். “எனக்குத் தூக்கமே வரலீங்க. அக்கா தேய்ச்சு வச்ச துணியப் போய் எடுக்கக்கூட பயமா இருக்கு” என்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மச்சினன் உள்ளேயிருந்து வந்து, ஒரு காய்ந்த ரொட்டியை எடுத்துப் பிய்த்துத் தின்னத் தொடங்கினான்.

தெருவோ சக்கரக்காரரைப் புகழ்ந்தது. “மனுஷன்னா அவருய்யா! ஊரே ஒதுக்கினாலும் அவரு மட்டும் போய் வாங்குறாரு பாரு” என்றார்கள். காதில் விழும்போதெல்லாம் அவருக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அந்த அடி போதாது என்றும் தோன்றியது.

கடையைக் காலி செய்யச் சொல்லிக் கட்டடச் சொந்தக்காரர் ஆள் அனுப்பிய அன்று, சக்கரக்காரர் ரொட்டிக் கடையில் நின்றிருந்தார். தாளின் நாள் முடிந்து, மகள் கீழே இறங்கி அப்பாவுக்கு ஒத்தாசையாகத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரொட்டிக்கடைக்காரர் பின்பக்கம் அடுப்பை அணைக்கப் போனார். அப்போது சக்கரக்காரர் மெல்லச் சொன்னார்.

“அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

அவள் துணியைக் கீழே வைத்தாள். “தெரியும் மாமா.”

“என்ன தெரியும்?”

“நானும் அதே விமானத்துலதான் வந்தேன். உங்க மச்சினர் எனக்கு ரெண்டு வரிசை முன்னாடி. என் பையைக்கூட மேல இருந்து இறக்கிக் குடுத்தாரு. நல்லாத்தான் நடந்தாரு. அப்புறம் பாத்தா நீங்க அவரைத் தள்ளிட்டுப் போறீங்க. நான் வரிசையில நின்னுட்டிருந்தேன். உங்களக் கூப்பிட்டேன், நீங்க திரும்பிப் பாக்கல.”

“ஏம்மா நீ சொல்லல?”

“என் கதவுலதானே மாமா தாள் இருந்துச்சு? நான் சொன்னா யாரு நம்புவாங்க? உங்களப் போயா சந்தேகப்படுவாங்க?” அவள் ஒரு தட்டை எடுத்து அடுக்கினாள். “நீங்களா சொல்வீங்கன்னு நெனச்சேன். அப்பாகிட்டகூட சொல்லல. தினமும் நீங்க கடைக்குள்ள வரும்போது, இன்னிக்குச் சொல்லிடுவாருன்னு மாடியில இருந்து பாத்துக்கிட்டே இருப்பேன். நீங்க ரொட்டிதான் வாங்கிட்டுப் போனீங்க.”

அவர் அன்று ரொட்டி வாங்கவில்லை. நேரே சுகாதாரத் துறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். வேலை போகும், வழக்கு வரலாம் என்றார்கள். சரி என்றார். அந்த நர்சுப் பெண்ணின் மேல் தப்பில்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆனால் அது அலுவலகத்தோடு போயிற்று. தெருவுக்குச் சொல்ல வேண்டுமே.

இஸ்திரிக்காரம்மாவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று தகவல் வந்தபோது, கூட்டிவர வேறு யாரும் இல்லாததால் சக்கரக்காரரே போனார். ஆஸ்பத்திரிக் காவலாளியிடம் சொல்லி ஒரு நாற்காலியை இரவல் வாங்கினார். அவள் பாதியாகியிருந்தாள். வேலை செய்து உரமேறிய கைகள் மடியில் சும்மா கிடந்தன. நுரையீரல் இனி பழையபடி ஆகாது, இஸ்திரிப் பெட்டியைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“வேற எத தூக்குறது தம்பி நான்?” என்று கேட்டு அவளே சிரித்தாள். சிரிக்க மூச்சுப் பற்றவில்லை. “எனக்குன்னு வந்து நிக்கிறியே. கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்.”

அவர் நாற்காலியைத் தள்ளினார். வெயில் இல்லாத காலை. சாலையில் பள்ளம் வந்த இடத்தில் எல்லாம் நாற்காலியைச் சாய்த்துச் சக்கரத்தை மெல்ல இறக்கினார். அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அது.

தெரு முனையில் திரும்பியதும் ஆட்கள் கூடிவிட்டார்கள். மாடி ஜன்னல்கள் திறந்தன. தூரத்திலிருந்தே கை காட்டினார்கள். ரொட்டிக் கடைக்கு முன்னால் வந்ததும் இஸ்திரிக்காரம்மா கையை உயர்த்தினாள்.

“நிறுத்து தம்பி. தெருவே போன்ல சொல்லிச்சு. அந்த ரொட்டிக்காரர் பொண்ண வெளிய வரச் சொல்லு. நாலு வார்த்த நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டுத்தான் உள்ள போவேன்.”

அவர் நிறுத்தினார். அவளுக்கு முன்னால் வந்து நின்றார்.

“அந்தப் பொண்ணு இல்லக்கா. என் மச்சினன். ஒரு மாசம் முன்னாடி எல்லாம் வரல, நீங்க டீ குடிக்க வந்தீங்களே, அன்னிக்குத்தான் வந்தான். சோதனைக்கு நிக்காம நான்தான் நாற்காலியில வச்சுத் தள்ளிட்டு வந்தேன். நல்லா நடக்கிறவன. உங்களுக்கு இது என் வீட்டுல வந்துச்சு.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். “தங்கமான மனுஷன்யா, அந்தப் பொண்ணக் காப்பாத்தப் பழிய இவரு தலையில போட்டுக்கறாரு!”

“இல்ல!” மாடி ஜன்னலிலிருந்து அவர் மனைவி கத்தினாள். அழுகையில் குரல் உடைந்தது. “நெசந்தான். எல்லாம் நெசந்தான். நான்தான் கூட்டிட்டு வரச் சொன்னேன். நான்தான் பொய் சொன்னேன்க்கா.”

இஸ்திரிக்காரம்மா ஜன்னலைப் பார்த்தாள். சக்கரக்காரரைப் பார்த்தாள்.

“அவன் முதுகத் தடவிவிட்டேனே” என்றாள். “நீ செருப்பக் கழட்டிட்டே பாத்துக்கிட்டு நின்ன.”

“ஆமாக்கா.”

“நின்னு பாத்துட்டு உள்ள போயிட்ட.”

“ஆமாக்கா.”

இஸ்திரிக்காரம்மா நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முதல் தடவை முடியவில்லை, விழுந்தாள். அவர் பதறிக் கை நீட்டினார்.

“தொடாத.”

மறுபடி எழுந்தாள். சுவரைப் பிடித்தாள். அவள் கடை வாசல் பக்கத்தில்தான் இருந்தது. அந்தத் தூரத்துக்கு மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். ரொட்டிக்கடைக்காரரின் மகள் மாவு படிந்த கையோடு ஓடிவந்து அவள் தோளைத் தாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் மெல்லக் கடைக்குள் போனார்கள்.

சக்கரக்காரர் காலி நாற்காலியின் பின்னால் போய் நின்றார். பழக்கத்தில் கை கைப்பிடியைப் பிடித்தது. எந்தப் பக்கம் தள்ளுவது என்று அவருக்குத் தெரியவில்லை.